அனலும் இல்லை, குளிரும் இல்லை: மதுரைக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதன்கிழமை வேத ஆராய்ச்சி முடிந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது வருகிற கேள்விகள் இவை. கூட்டத்துக்குள் யாரும் கேட்பதில்லை. ஐயர் (எங்கள் சபையில் ஆயரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருப்பார், கமிட்டி ஆட்கள் இருப்பார்கள், எதற்கு வம்பு என்று விட்டுவிடுவார்கள். பதில்கள் என்னுடையவை. நான் ஆயர் இல்லை; சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்து, ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிற ஆள். கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் சில இடங்களில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். பரவாயில்லை.

ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். சபைச் சந்தா பாக்கி இல்லை. அப்புறமும் பிரசங்கத்தில் "அனல் குறைந்துவிட்டது" என்று திட்டுகிறார்களே, என்னிடம் என்ன குறை?

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் லவோதிக்கேயா என்ற ஊரின் சபைக்கு ஒரு கடிதம் இருக்கிறது. நீ அனலும் இல்லை, குளிரும் இல்லை, வெதுவெதுப்பாக இருக்கிறாய் என்று அதில் கண்டிப்பு. அனல் பற்றிய பிரசங்கமெல்லாம் அங்கேயிருந்துதான் வருகிறது. அதை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அதே புத்தகத்தில் பெர்கமு சபைக்கும் தியத்தீரா சபைக்கும் கள்ள உபதேசம், வேசித்தனம் என்று குற்றச்சாட்டு உண்டு. லவோதிக்கேயாவின் மேல் அப்படி ஒன்றுமே இல்லை. "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அவர்கள் சொல்லிக்கொண்டதுதான் புகார். அந்த ஊர் பணக்கார ஊர். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, ரோம அரசிடம் உதவி வாங்காமல் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்ற ஊர். யாரிடமும் கையேந்தாத பெருமை அவர்களுக்கு இருந்திருக்கும். கடவுளிடமும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஆராதனைக்குப் போவதில் குறை ஒன்றும் இல்லை. நான் வேறொன்று கேட்பேன். போன ஒரு வருஷத்தில், நீங்கள் கிறிஸ்தவர் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் மாற்றிக்கொண்ட காரியம் ஏதாவது உண்டா? தம்பியோடு இருந்த வீட்டுப் பாகத் தகராறில் இறங்கிப் போனது, கடையில் வேலை செய்கிற பையனுக்குக் கேட்காமலே சம்பளம் கூட்டியது, வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த மச்சானுக்குப் போன் போட்டது. அப்படி ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தால் பிரசங்கத்தில் திட்டுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வரவே இல்லை என்றால், திட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இது எல்லா ஊரிலும் இருக்கிறதுதானே? மதுரையில் மட்டும் தனியாக என்ன?

எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் சாய்ந்துகொள்ள நல்ல நல்ல சுவர்கள் இருக்கின்றன. அமெரிக்க மிஷனரிமார் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தார்கள். பசுமலையில் பள்ளி, 1881-இல் அமெரிக்கன் கல்லூரி, மிஷன் ஆஸ்பத்திரி, 1948-இல் லேடி டோக் கல்லூரி, 1969-இல் அரசரடியில் இறையியல் கல்லூரி என்று வரிசையாக வந்தன. கத்தோலிக்கருக்கும் அதேபோலப் பள்ளிகள், கல்லூரிகள், கீழவெளி வீதிப் பேராலயம் எல்லாம் உண்டு. இவற்றால் இந்த ஊருக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு, நடந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது விசுவாசம் என்பது கல்லூரியில் சீட்டு வாங்க ஒரு கடிதம், வேலைக்கு ஒரு சிபாரிசு, கல்யாணத்துக்கு ஒரு ஆலயம், அடக்கத்துக்கு ஓர் இடம் என்று ஆகிவிடுகிறது. கமிட்டித் தேர்தல் வந்தால் பாருங்கள். வருஷம் முழுக்க ஆலயப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கூட சந்தாவைக் கட்டிவிட்டு ஓட்டுப் போட வெள்ளைச் சட்டையில் வந்து நிற்பார். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், மதுரை மாவட்டத்தில் அதைவிடக் குறைவு. இவ்வளவு சிறிய கூட்டம், தன்னைச் சுற்றி இருக்கிற பெரிய ஊரைப் பற்றி யோசிக்காமல் தன் நிலபுலன் வழக்கிலேயே காலத்தை ஓட்டுவது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கன்வென்ஷன் என்கிற பெரிய நற்செய்திக் கூட்டங்களுக்குப் போனால் அனல் வருகிறது. நாலாம் நாள் போய்விடுகிறது. ஏன்?

வந்தது பாட்டும் கூட்டமும் கொடுத்த சூடு. அதுவும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் செய்வதற்கு ஒரு வேலையும் கையில் இல்லாததால் அது இறங்கிவிடுகிறது. மைதானத்திலிருந்து வரும்போதே ஒரு ஆளின் பெயரோடு வாருங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சரி, எங்கே தொடங்குவது?

நாற்பது நாள் உபவாசத்தில் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்குகிறவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு, அந்த வெட்கத்தில் முன்னைவிடத் தூரமாகப் போய்விடுகிறார்கள்.

மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அதிகாரம் சத்தமாக வாசியுங்கள், வீட்டில் இருக்கிறவர்கள் காதில் விழட்டும். மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். வாக்குத்தத்த அட்டையில் இருக்கிற ஒற்றை வசனத்தைக் காலண்டர் மாதிரி கிழித்துக் கிழித்துப் பழகியவர்களுக்கு, முழுக் கதையையும் ஒரே மூச்சில் கேட்பது புதிதாக இருக்கும். இயேசு எவ்வளவு நடந்திருக்கிறார், யார் யாரோடு சாப்பிட்டிருக்கிறார், யாரிடம் கோபப்பட்டிருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அடுத்தது அந்த ஒரு பெயர். சபையில் இல்லாத ஒருவர்; நீங்கள் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறவர். அவருக்காகத் தினமும் ஜெபியுங்கள். "அவரை இரட்சியும்" என்று மொத்தமாக முடித்துவிடாமல், அவர் வீட்டு விஷயத்தைச் சொல்லி ஜெபியுங்கள். அவர் மகன் நீட் எழுதியிருக்கலாம், அவர் மனைவிக்கு மூட்டுவலி இருக்கலாம், அவர் ஆட்டோவுக்குத் தவணை பாக்கி இருக்கலாம். இதெல்லாம் தெரியாது என்றால் போய் விசாரிக்க வேண்டிவரும். விசாரித்தால் உட்கார்ந்து கேட்க வேண்டிவரும். நான் பார்த்தவரை, ஆறிப்போன விசுவாசிகள் திரும்ப எழுந்தது பெரும்பாலும் இப்படித்தான், இன்னொருவர் வீட்டுக் கவலையைத் தூக்கிக்கொண்டு ஜெபத்துக்கு வந்தபோது. முதலில் நான் அனலாகிவிட்டு அப்புறம் பிறரிடம் பேசுகிறேன் என்று காத்திருக்கிறவர்கள் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை.

எனக்கு ஷிப்ட் வேலை. நேரமே இல்லை.

மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலத்துக்குப் பஸ்ஸில் போகிற நேரத்தில் மாற்குவின் இரண்டு அதிகாரம் காதில் கேட்கலாம். ஒலி வேதாகமம் போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

எனக்கு எதிலுமே நாட்டம் இல்லை. ஜெபம் மட்டும் இல்லை, சாப்பாடு, தூக்கம், பிள்ளைகள், எதிலும். இதுவும் ஆவிக்குரிய சோர்வா?

இருக்காது. இந்தக் கேள்விக்கு வேத வசனத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு பெரியாஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும்" என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்சு அதற்கு வெகுநாள் கழித்து, ஓரேப் மலையில்தான். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள்.

சாட்சி சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நான் குடித்ததும் இல்லை, திருந்தியதும் இல்லை.

நம் சபைகளில் சாட்சி என்றாலே ஒரு அச்சு இருக்கிறது. முன்பு குடி, சூதாட்டம், நடுவில் ஒரு விபத்தோ வியாதியோ, அப்புறம் இரட்சிப்பு. பிறந்ததிலிருந்து ஆலயத்தில் வளர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டு, தங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யோவான் 9-இல் இயேசு பார்வை கொடுத்த பிறவிக் குருடனை, பரிசேயர் என்ற யூத மதத் தலைவர்கள் குறுக்கு விசாரணை செய்தபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." தெரியாததைத் தெரியாது என்றே சொன்னான்.

மாற்கு 5-இல் லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்திருந்தவன் குணமானதும் இயேசுவோடு படகில் ஏறப் பார்க்கிறான். அவர் விடவில்லை, உன் வீட்டுக்குப் போய், உன் இனத்தாரிடம் சொல் என்று அனுப்பிவிட்டார். அவனுக்கு அது படகில் போவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். ஊருக்கே அவனை நன்றாகத் தெரியுமே.

உங்கள் சாட்சி இப்படிக்கூட இருக்கலாம்: "அப்பா இறந்தப்ப எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல. ராத்திரி ராத்திரி சங்கீதம் வாசிப்பேன். அதான் என்னைத் தாங்குச்சு." இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. கேட்கிறவர் அப்பாவும் இறந்திருப்பார்.

எப்படிப் பேசுவது? வாயைத் திறந்தாலே பிரசங்கம் மாதிரி வருகிறது.

வரத்தான் செய்யும். நாம் பேசக் கற்றது அந்தப் பாஷையைத்தான். "கர்த்தர் என் பாரங்களை நீக்கி, தம்முடைய கிருபையினாலே என்னைத் தாங்கி வழிநடத்தினார், ஸ்தோத்திரம்" என்று சபையில் சொன்னால் எல்லாருக்கும் புரியும். செல்லூரில் தறி ஓட்டுகிற பக்கத்து வீட்டு அண்ணனிடம் அதையே சொன்னால், "சரிங்க தம்பி" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அது நம் வீட்டுப் பாஷை. அதையே, "நான் ரொம்ப பயந்து போயிருந்தேண்ணே. சாமிகிட்ட அழுதேன். பயம் போச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா தனியா இல்லைன்னு இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நின்று, "எதுக்குப் பயந்த?" என்று கேட்பார்.

இதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியக் கத்தோலிக்கக் குரு மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியத் துறவி ஏற்கெனவே இங்கே ஒரு சிறிய கோயிலை வைத்து, கடற்கரையிலிருந்து வந்திருந்த பரவர்களையும் போர்த்துக்கீசியரையும் கவனித்துவந்தார். ஊர்க்காரர் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது பரங்கி மார்க்கம், வெள்ளைக்காரர் மதம். நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழையும் சமஸ்கிருதத்தையும் தெலுங்கையும் உட்கார்ந்து படித்தார். ஆட்கள் அவரோடு வாதாட வந்தார்கள், சிலர் நம்பினார்கள். தத்துவ போதகர் என்று பெயர் வந்தது. சாதி விஷயத்தில் அவர் எடுத்த வழி எனக்குச் சம்மதம் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் கேட்கிறவனின் பேச்சை முதலில் கற்றுக்கொள் என்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

புராட்டஸ்டண்டு பக்கத்திலும் இதேதான் நடந்தது. இங்கிலீஷ் மெட்டில் மொழிபெயர்த்த பாட்டுகளைப் பாடிப் பார்த்த அமெரிக்கரின் மதுரை மிஷன், பிறகு தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளின் பக்கம் திரும்பியது. 1853-இல் அந்த மிஷனின் எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்றைக்கும் எந்தக் கிராமத்துச் சபையிலும் கீர்த்தனைக்கு வாய் திறக்கிற பாட்டி, இங்கிலீஷ் மெட்டில் வந்த பாமாலைக்கு வாயை மூடிக்கொள்வதைப் பார்க்கலாம்.

எங்கள் தெருவில் எல்லாரும் மீனாட்சியம்மன் பக்தர்கள். அவர்களிடம் போய் இதைப் பேசுவது மரியாதைக் குறைவு இல்லையா?

அவர்கள் பக்தியை மட்டமாகப் பேசினால் மரியாதைக் குறைவுதான். பேசவே கூடாது. அது தேவையும் இல்லை. அப்போஸ்தலன் பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் நின்று, அந்த ஊர்க்காரர் பக்தியையும் அவர்கள் புலவரின் வரியையும் எடுத்துத்தான் பேச்சைத் தொடங்கினான் (அப்போஸ்தலர் 17). சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அந்த வெயிலில் யார் என்ன மதம் என்று கேட்டா மோர் ஊற்றுகிறார்கள்?

1 பேதுரு 3:15-ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்கிறது. கேட்கிறவருக்குச் சொல்லச் சொல்கிறது. யாரும் கேட்பதே இல்லையே என்றால், கேட்கிற மாதிரி நம் வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

உண்மையில் நம் ஊரில் கேட்கிறார்கள். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஓர் அக்கா, குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, நாளைக்கு எம் மவனுக்கு ஆபரேஷன். நான் பாண்டி கோயிலுக்கும் வேண்டியிருக்கேன். உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றார். மதுரையில் வாழ்கிற எந்தக் கிறிஸ்தவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். நம்மில் பாதிப் பேர் "கண்டிப்பா ஜெபிக்கிறேங்க்கா" என்று சொல்லிவிட்டு மறந்துபோவோம். மீதிப் பேர் அங்கேயே, பாண்டி கோயிலுக்கு வேண்டியது தப்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டுமே கெட்டது. "பையன் பேரு என்னக்கா? எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, அந்த நேரத்தில் ஜெபித்துவிட்டு, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பிளாஸ்கில் காப்பியோடு போய் நிற்க வேண்டும்.

பிரசாதம் கொடுத்தால் வாங்கலாமா? இதில்தான் எங்கள் வீட்டில் தினம் சண்டை.

சபைக்குச் சபை பதில் வேறு. பவுல் 1 கொரிந்தியர் 8-இலும் 10-இலும் இதை விரிவாகவே பேசுகிறான். விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறான், அதேசமயம் பலவீனமான சகோதரனுக்கு இடறலாக இருக்காதே என்றும் சொல்கிறான். சாப்பிடுவதில்லை என்பது உங்கள் மனசாட்சி என்றால், சிரித்த முகத்தோடு, "நாங்க இதைச் சாப்பிடுறதில்லைக்கா, தப்பா நினைக்காதீங்க. உள்ள வாங்க, காப்பி சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லலாம். வாங்கிவைத்துவிட்டு அவர் போன பிறகு குப்பையில் போடுவது மட்டும் வேண்டாம். அது பொய். அப்புறம், பிரசாதத்தை மறுத்த வீடு கிறிஸ்துமஸ் கேக்கை மட்டும் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாங்காவிட்டால் முகத்தைத் தூக்குவது நியாயமா என்று யோசியுங்கள்.

துண்டுப் பிரதி, மைக் வைத்து தெருக் கூட்டம், இதெல்லாம் வேண்டாம் என்கிறீர்களா?

பிரதியை, பேசிய பிறகு கேட்கிறவர் கையில் கொடுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஓடுகிறவன் கையில் திணிக்காதீர்கள். அது நடைபாதையில்தான் கிடக்கும். மைக் எனக்குப் பிடிக்காது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நமக்கும் பொது. பரீட்சை நேரத்தில் தெருவில் பாக்ஸ் கட்டி விடிய விடிய முழு இரவு ஜெபம் நடத்திவிட்டு, மறுநாள் அந்தத் தெருவில் போய் அன்பைப் பற்றிப் பேச முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? மாட்டிக்கொள்வோமா?

அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு, எந்த மதத்தையும் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்கிற உரிமை, இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை அதில் அடங்காது என்றது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, சில வருஷங்களில் நீக்கப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இப்படிச் சட்டம் அமலில் இருக்கிறது. வடக்கே ஊழியத்துக்குப் போகிறவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், சுவிசேஷத்தின்படியே செய்யக் கூடாதவை உண்டு. பணம், வேலை, பள்ளியில் இடம் ஆகியவற்றைக் காட்டிப் பேசக் கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிவந்து விடுமுறை வேதாகமப் பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறவர் தலைமாட்டில் நின்று, நம்பினால் சுகம் என்று சொல்லக் கூடாது. அவரால் எழுந்து போகக்கூட முடியாது. "ஜெபிக்கட்டுமாங்க?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் பழத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒருவர் உண்மையாகவே நம்பி வந்தால், நம் சபை அவரை ஏற்றுக்கொள்ளுமா?

வாசலில் நின்று கேட்கப்படுகிற கேள்விகளிலேயே கஷ்டமானது இது. கேட்டவர் பெரும்பாலும் பதில் தெரிந்துதான் கேட்கிறார்.

முதல் ஞாயிறு எல்லாரும் கைகொடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து, "நீங்க எந்த ஊரு? அப்பா என்ன பண்றாங்க? சொந்தம் யாரு யாரு இருக்காங்க?" என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள். நாம் கிறிஸ்தவர்கள் அல்லவா. அது தெரிந்த பிறகு சில வீடுகளில் எவர்சில்வர் டம்ளர் பேப்பர் கப்பாக மாறும். தமிழ்நாட்டில் சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற சபைகள் இன்றும் உண்டு. மணமகன் தேவை விளம்பரங்களில் "விசுவாசக் குடும்பம்" என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதியும் இருக்கும்.

இது நேற்று வந்ததும் இல்லை. நொபிலியின் வழியில் உயர்த்தப்பட்ட சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருக்கள் என்று பிரிவு ஏற்பட்டது. ஆட்களைக் கொண்டுவந்த அதே வழி, சாதியையும் சேர்த்தே உள்ளே கொண்டுவந்துவிட்டது. அமெரிக்க மதுரை மிஷன் 1840-களில் வேறு வழியைப் பார்த்தது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். உபதேசிமார் உட்படப் பலர் சாப்பிட மறுத்து விலக நேர்ந்தது. கணக்குப் பார்த்தால் அது நஷ்டம். நான் அந்த மிஷன் பக்கம்தான் நிற்பேன். 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்த வரலாறு உள்ள ஊரில் இருந்துகொண்டு, கல்லறையில் சுவர் வைத்திருக்கிற சபை யாரிடம் போய் என்ன நற்செய்தி சொல்லும்?

நடைமுறை விஷயமும் ஒன்று உண்டு, பல ஊழியர்கள் இதை மறைக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருவார். பிள்ளைகளின் படிப்பு, அரசு வேலை, உள்ளாட்சித் தேர்தலில் தனித்தொகுதி எல்லாம் இதில் மாட்டியிருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவரிடம் இதை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். தெரிந்துகொண்டு அவர் எடுக்கிற முடிவுதான் முடிவு. அவசரப்படுத்தாதீர்கள்.

ஆகவே என் பதில்: சபை ஏற்குமா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் வீடு ஏற்குமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். அவரை அழைத்துவருவதற்கு முன், உங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் அவர் வரலாமா என்று வீட்டில் பேசிவிடுங்கள்.

வாலிபப் பிள்ளைகள் சபைக்கு வர மாட்டேன் என்கிறார்கள்.

நாம் சாப்பாட்டு மேசையில் பேசுவதைக் கேட்டுத்தான். ஆயரைப் பற்றியும் கமிட்டியைப் பற்றியும் மதியம் முழுக்கக் குறை பேசிவிட்டு, மறு ஞாயிறு "எழுந்திரு, ஆராதனைக்கு நேரமாச்சு" என்றால் எப்படி வருவான்? அவனுக்குச் சந்தேகம் இருந்தால் கேட்கவிடுங்கள். டைனோசர் எங்கே போச்சு, நல்ல இந்துக்கள் நரகத்துக்கா போவார்கள் என்று கேட்பான். அதட்டாதீர்கள். கேள்வி கேட்கிற பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கிறான். ஒன்றுமே கேட்காமல் போனை நோண்டிக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒருவரிடம் பேசிவிட்டேன். கேட்டுக்கொண்டார், "நல்லதுங்க" என்றார், அவ்வளவுதான். அடுத்து என்ன?

அடுத்து ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் வழக்கம்போல டீ குடிக்கப் போங்கள், நீங்கள் காசு கொடுங்கள், ஜல்லிக்கட்டு பற்றியோ வைகையில் தண்ணீர் வந்ததைப் பற்றியோ பேசுங்கள். நீங்களாகத் திரும்ப அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டீர்கள், அவர் மறக்க மாட்டார். ஜெபத்தில் மட்டும் பெயரை எடுத்துவிடாதீர்கள். அவராகக் கேட்டால், "வந்து பாருங்க" என்று இயேசுவின் சீஷன் பிலிப்பு தன் நண்பன் நாத்தான்வேலிடம் சொன்னதைச் சொல்லி ஆராதனைக்கு அழைக்கலாம். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து இல்லாத ஞாயிறாகப் பாருங்கள். முதல்முறை வருகிறவருக்கு, எழுந்து போவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் சங்கடமாக இருக்கும்.

அவர் கடைசிவரை வராமலே போனாலும், அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தால் குடும்பத்தோடு போங்கள். மொய் எழுதுங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.